வாடகைச் சங்கு

ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே
சாதிக் பாயின் மீன் கடைக்குக்
கடல் இருபது கிலோ மூட்டையில் வருகிறது.
அளந்து கொட்டி, கலக்கி,
மிதவை முள் சரியான கோட்டில் நிற்கும்வரை
வாளியருகே குந்தியிருப்பது என் வேலை.
நிஜக் கடல்
சேலத்திலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்.

அந்த ராத்திரி பஸ்ஸில்தான்
தூத்துக்குடியிலிருந்து தெர்மாகோல் பெட்டிக்குள் வந்தது
துறவி நண்டு,
முதுகுச் சங்கின்மேல் ஒரு கடல் சாமந்தியோடு.

பெயர் வைத்தவன் கரையில் நின்றே வைத்திருப்பான்.
இது எதைத் துறந்தது?
எவனோ செத்து விட்டுப்போன வீட்டில் குடியிருக்கிறது.
கூரையில் பூவை ஏற்றிக்கொண்டு திரிகிறது.
இறால் துண்டு போட்டால்
இது சிந்துவதை அது மேலிருந்து வாங்கிக்கொள்கிறது.
அந்தப் பூவும் பூ இல்லை.
ஒருநாள் விரல் வைத்தேன்.
செந்தட்டி பட்டதுபோல் சாயங்காலம்வரை எரிந்தது.
ஐந்து ரோட்டில் பேய்க்கணவாய் ஏது?
ஆனாலும் காவல் காவல்தான்.

அழகாபுரத்துப் பல் டாக்டர் வந்தார்.
காத்திருக்கும் அறையில் வைக்கவாம்.
"பூ மட்டும் போதும். நண்டு அசிங்கமா இருக்கு."
எதையும் விற்கத் தெரிந்த சாதிக் பாய்
கையுறை மாட்டி இழுத்துப் பார்த்தார்.
இழுக்க இழுக்க அது சுருங்கி
சட்டைப் பொத்தான் அளவாகி
சங்கோடு சங்காக இறுகியது.
"சார், இது செட்டு" என்றார்,
தட்டுவடை செட்டைச் சொல்வதுபோல.
டாக்டர் இரண்டு தங்கமீன் வாங்கிப் போனார்.

தையில் நண்டு தோலுரித்துப் பெருத்தது.
சங்கு பத்தவில்லை.
அதே வாரம் எங்கள் வீட்டுக்காரரும்
கொண்டலாம்பட்டி வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.
மகனுக்குக் கல்யாணமாம்.
ரெஜினா எதுவும் பேசவில்லை.
பீரோவைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.
எப்போதடி மூட்டை கட்டுவாய் என்று
நான் கத்தினேன்.
சமையலறைக் கதவு உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க ஏற்காடு போனவள்
பகோடா பாயிண்ட் கடையில்
அறுபது ரூபாய்க்கு ஒரு சங்கு வாங்கி வந்தாள்.
எந்தக் கடலிலிருந்தோ மலையேறி
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த சங்கு.
சிவப்பு எனாமலில் 'ஏற்காடு' என்று எழுதியிருந்தது.
வேகவைத்துப் பார்த்தேன், பிளேடால் சுரண்டினேன்.
பெயிண்ட் போனது, ஊறிய சாயம் போகவில்லை.
"இருக்கட்டுமே. அதுக்கும் ஒரு விலாசம் வேணாமா?"
பல நாளைக்குப் பிறகு அவள் பேசியது அதுதான்.

அன்று இரவு கரண்ட் இல்லை.
பேட்டரியில் குமிழ்கள் ஓடின.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நண்டு புதுச் சங்கை உருட்டி, உள்ளே கால் விட்டு அளந்து,
சட்டென்று வெற்றுடம்பை இடம் மாற்றிக்கொண்டது.
மாற்றியதும் போய்விடவில்லை.
பழைய வீட்டின் பக்கம் திரும்பியது.
பூவின் அடியோரத்தில்
கால் நுனியால் தட்டியது.
இழுக்கவில்லை.
தட்டியது, நிறுத்தியது, வேறிடத்தில் தட்டியது,
உள்ளே ஆள் இருப்பது தெரிந்தவன் தட்டுவதுபோல.
அரைமணி நேரம் ஆகியிருக்கும்.
பாயின் கைக்கு இறுகிய அதே பாதம்
விளிம்பு விளிம்பாக அவிழ்ந்தது.
இரண்டு இடுக்கியாலும் அணைத்துத் தூக்கி
நண்டு அதைத் தன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது,
ஒட்டும்வரை.

வீட்டுக்குப் போனபோது மணி பதினொன்று.
பீரோ திறந்திருந்தது. அவள் தரையில்.
பக்கத்தில் உட்கார்ந்து
மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து
இது எங்கே வாங்கியது என்று கேட்டேன்.
சொன்னாள்.
அடுத்ததை எடுத்தேன்.

இப்போது அம்மாபேட்டையில் இருக்கிறோம்.
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.
சாதிக் பாய் செட்டுக்கு விலை ஏற்றிவிட்டார்.
பூ, 'ஏற்' என்ற எழுத்துகளின்மேல் உட்கார்ந்துவிட்டது.
கண்ணாடிக்கு அப்பால்
'காடு' மட்டும் நடந்து போகிறது.